பழைய யந்திரமும் பழைய சாக்கும்

"பழைய சாமான் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும்." இணையத்தில் பழுதான தட்டச்சு யந்திரத்தை விற்றவர், ஏமாந்தவருக்குச் சொல்லும் ஆறுதல் இது. அதைவிட வெட்கக்கேடு, ஏமாந்தவரும் அதையே திருப்பிச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வதுதான். பழமை ஒரு பொருளின் வயது. அது பொய்க்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் அன்று.

கண்டி, பேராதனை, கம்பளைப் பக்கங்களிலிருந்து வரும் விளம்பரங்களைக் கவனியுங்கள். எல்லா யந்திரங்களும் ஏதோவொரு தோட்டத்துத் துரை பங்களாவில் இருந்தவை. எல்லாமே சுதந்திரத்துக்கு முந்தியவை. அப்படியொரு விளம்பரத்தின் படத்தில் நான் கண்டது ஒலிவெட்டி லெட்டேரா 32. அந்த வகை சந்தைக்கு வந்ததே 1963இல். இலங்கை சுதந்திரம் பெற்றது 1948இல். யந்திரத்தின் உடலில் பொறித்த தொடர் இலக்கத்தைக் கேட்டு வாங்கினால், அது உற்பத்தியான ஆண்டைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இலக்கத்தைத் தர மறுப்பவரிடம் வரலாறு கேட்பது வீண்.

"புதுப்பிக்கப்பட்டது" என்பது அடுத்த மாயச் சொல். கண்டியின் ஈரக் காற்றில் பல ஆண்டுகள் மூலையில் கிடந்த யந்திரத்தின் வில்சுருள்கள் துருப்பிடிக்கும். காகிதத்தைத் தாங்கும் இறப்பர் உருளை காலப்போக்கில் கல்லாய் இறுகும். இவற்றைத் தொடாமல் மேலே வர்ணம் விசிறிவிட்டால் படத்தில் பளபளக்கும். படம் பேசாது, தட்டிய பக்கம் பேசும்.

தமிழ் யந்திரமாயின் இந்தச் சோதனை இன்னும் அவசியம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, அத்தனை தமிழ் எழுத்துகளையும் ஒரு விசைப்பலகைக்குள் அடக்க நகரா விசைகளைப் பயன்படுத்தினார். புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அதன் கீழேயே விழும். இந்த அமைப்பு பழுதானால் புள்ளி ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் நிற்கும். விசைகளை வெறுமனே ஆட்டிக் காட்டும் காணொளியில் இது தெரியாது. "வணக்கம்" என்று தட்டச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிகளும் தத்தம் எழுத்தின் தலையில் அமர்ந்தால் நம்பலாம்.

"விற்பவருக்குத் தட்டச்சுத் தெரியாதே" என்று பரிந்து பேசுவோர் உண்டு. ஒவ்வொரு விசையையும் ஒரு விரலால் அழுத்தத் தட்டச்சுப் பரீட்சை தேறியிருக்க வேண்டியதில்லை. அதைக்கூடச் செய்யாதவர் "நன்றாக இயங்குகிறது" என எழுதியது எந்த ஆதாரத்தில்? செய்தியைச் சரிபாராமல் அச்சுக்கு அனுப்பினால் பத்திரிகையாளனைச் சும்மா விடுவீர்களா?

விவரணத்தின்படி விற்கப்படும் பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள நியதி. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வந்தது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் அன்பர் ஒரு யந்திரத்துக்காகக் கண்டி நீதிமன்றப் படியேறப் போவதில்லை. அது விற்பவருக்கும் நன்கு தெரியும்.

ஆகவே காவல் பணம் கொடுக்குமுன்பே வேண்டும். எல்லா விசைகளாலும் தட்டிய ஒரு பக்கம், அதைத் தட்டும் காணொளி, தொடர் இலக்கத்தின் படம் - இம்மூன்றும் வராமல் முற்பணம் அனுப்பாதீர்கள். கண்டிப் பக்கத்தில் ஒரு மச்சானோ சித்தப்பாவோ இருந்தால் அவர் நேரில் பார்த்த பின்னரே பணம் கைமாறட்டும். பொதி செய்யும்போது வண்டியை அசையாமல் கட்டி, இரண்டு பெட்டிகளுக்குள் வைத்து, இடைவெளியை இறுக நிரப்பச் சொல்லுங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் மேசை யந்திரத்தை ஒற்றை அட்டைப் பெட்டியில் அனுப்புவது அதை உடைத்து அனுப்புவதற்குச் சமம்.

இது வாங்குபவரின் காசுப் பிரச்சினை மட்டுமன்று. பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் நேராக்க நாட்கணக்கில் உழைக்கும் திருத்துநரும், அரைமணியில் வர்ணம் விசிறுபவரும் ஒரே விலையில் விற்றால் முதலாமவர் எத்தனை காலம் தாக்குப்பிடிப்பார்? அவர் கடையை மூடினால், மிஞ்சியிருக்கும் தமிழ் யந்திரங்களைத் திருத்தத் தெரிந்த கையும் போய்விடும். சாக்கை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும் அந்தக் கதவை மூட உதவுகிறார்.

ஒரு பக்கம் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் இருப்பது தட்டச்சு யந்திரமன்று, வெறும் இரும்பு. இரும்புக்கு இரும்பின் விலை போதும்.