காலிக் கச்சேரி

ஜப்பான் பாஷையில் 'கரா' என்றால் காலி. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவை அவர்கள் வாய்க்கு வசதியாகச் சுருக்கிக்கொண்டது. ரெண்டையும் சேர்த்தால் கரோக்கே. காலிக் கச்சேரி. நம்ம காரைக்கால் பக்கத்து வழக்கில் சொன்னால், நாயனக்காரர் வராத கல்யாணம்.

இதைக் கிளப்பிவிட்டவர்களில் முக்கியமானவர் டைசுகே இனோவே. கோபே நகரத்து பார்களில் கீபோர்டு வாசித்தவர். குடித்துவிட்டுப் பாட வரும் முதலாளிமார்களின் தாளம் தப்பிய பாட்டுக்கு இழுத்துப் பிடித்து வாசிப்பது உத்தியோகம். ஒரு கம்பெனி முதலாளி, "வெளியூர் போறேன், நீயும் வாசிக்க வா" என்றார். இவருக்குப் போக முடியவில்லை. அந்த ஆளின் குரலுக்கும் வேகத்துக்கும் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். பொறி தட்டியது. 1971-ல் காசு போட்டால் வாசிக்கும் மிஷின்கள் பதினொன்றைச் செய்து பார்களுக்கு வாடகைக்கு விட்டார்.

(நம்ம பக்கத்து பார்களுக்கு மிஷின் தேவையில்லை. ரெண்டாவது ரவுண்டில் பாட்டு தானே வரும்.)

பி.காம் படித்தவனுக்கு வயிறு எரிகிற சமாசாரம் இனிமேல்தான். மனுஷர் பேட்டன்ட் வாங்கவில்லை! உலகம் பூரா ஓடுகிற மிஷினுக்கு ராயல்டி வரவு: பூஜ்யம். பிற்பாடு, கரோக்கே மிஷினுக்குள் குடித்தனம் பண்ணும் கரப்பான்பூச்சிக்கு மருந்து விற்றார். 2004-ல் 'இக் நோபல்' என்கிற கேலிப் பரிசு கொடுத்தார்கள், அதுவும் சமாதானத்துக்கு. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி கண்டுபிடித்தாராம். இவருக்கு முன்பே, 1967-ல், டோக்கியோவில் இதே மாதிரி மிஷின் செய்த ஷிகேஇச்சி நெகிஷியும் பேட்டன்ட் வாங்கவில்லை. நெகிஷி 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

பாரில் பிறந்த சமாசாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கு வந்தது 1980-களின் நடுவில். ஒகாயாமா பக்கம் பழைய சரக்குக் கன்டெய்னரை ரூமாக்கி, மிஷினை வைத்து, மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். 'கரோக்கே பெட்டி'. கதவைச் சாத்திக்கொண்டு நாலு சிநேகிதர்கள் கத்தலாம், அப்பா காதில் விழாது. போலகத்திலும் ஆரம்பிக்கலாம். பக்கத்திலேயே துறைமுகம் இருக்கிறது. ஆனால் அங்கே வந்து இறங்குவது பெரும்பாலும் நிலக்கரி. அதற்குள் உட்கார்ந்து பாடினால் குரல் கட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் உனக்கு எப்படி என்கிறீர்களா? எல்லாம் எங்க அக்கா பையன் உபயம். பிளஸ் ஒன். அனிமே பார்த்துப் பார்த்து, ஜப்பான் பாட்டாகப் பாடுகிறான்.

"பேண்ட் பாட்டு மாமா" என்றான். எனக்குத் தெரிந்த பேண்டு, ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டு டிரம்பெட் ஊதுவது. அவன் சொன்னது கிடார் பேண்ட். ஸ்பிட்ஸ் கோஷ்டியின் 'செர்ரி', 1996. 'ஒய்ட்பெரி' என்கிற பள்ளிக்கூடப் பெண்கள் கோஷ்டி 2000-ல் பாடிய 'நட்சு மட்சுரி', அதாவது கோடைத் திருவிழா. அது 1990-ல் வேறொரு கோஷ்டி பாடியதன் மறுபதிப்பு. அப்புறம் 'மோங்கோல்800'. ஒகினாவா தீவில் ஹைஸ்கூல் பையன்கள் 1998-ல் சேர்ந்த கோஷ்டி. 2001-ல் பெரிய கம்பெனி துணையில்லாமல் போட்ட ஆல்பம் ஜப்பான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது. அதில் உள்ள 'சின்னக் காதல் பாட்டு' என்றால் அங்கே பையன்கள் உயிரை விடுகிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, நம் நாக்குக்கு அந்த பாஷை ஒத்துப் போகிறது. அநேகமாக ஒவ்வொரு எழுத்தும் உயிரில் முடிகிறது. இங்கிலீஷ் மாதிரி கடைசியில் மூன்று மெய்யெழுத்து வந்து பல்லை உடைப்பதில்லை. பாஷை புரியாவிட்டால்தான் என்ன? 1998-ல் டோக்கியோவில் 'முத்து' படம் மாதக்கணக்கில் ஓடியபோது அவர்களுக்கு மட்டும் தமிழ் புரிந்ததா?

பாடுகிற ஆசை நமக்கும் புதுசில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் என்ன? எழுத்து கலர் மாறாத கரோக்கே. காரைக்கால் பண்பலையோடு சேர்ந்து பாடாத சமையலறை எங்கள் பக்கம் கிடையாது. பாடவா ஆள் இல்லை? காரைக்காலம்மையார் பிறந்த ஊர். அந்தப் பக்கம் நாகூர். மைக்குக்கே வேலை வைக்காத ஹனீபாவின் ஊர்.

பிரச்னை பாடுகிறவர்களுக்கு இல்லை. வாசிக்கிறவர்களுக்கு.

எனக்குத் தெரிந்த தபேலாக்காரர் ஒருவர். முன்பு தை, மாசி வந்தால் மனுஷருக்குத் தூக்கம் கிடையாது. ரிசப்ஷனுக்கு ரிசப்ஷன் லைட் மியூசிக். இப்போது ஒரு லேப்டாப், ரெண்டு ஸ்பீக்கர், பாட ரெண்டு பேர். முடிந்தது கச்சேரி. அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறார். தபேலா பரணில் இருக்கிறது.

"கோபமாண்ணே?" என்றேன்.

"மிஷின் நல்லாத்தான் தம்பி வாசிக்குது. ஆனா பாடறவன் மூச்சு வாங்கினா அது நிக்காது. நான் நிப்பேன்."

இனோவே அந்த முதலாளிக்கு பார்த்துப் பார்த்துச் செய்ததும் இதைத்தானே? முதல் டேப் ஒரே ஒரு ஆளின் மூச்சுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்புறம் வந்ததெல்லாம் ரெடிமேட். நமக்குப் பொருந்தாவிட்டால் நாம்தான் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அக்கா வீட்டில் காதுகுத்து. பையன் பாடியே தீருவேன் என்றான். தபேலா பரணிலிருந்து இறங்கியது. "என்ன தாளம்?" என்றார் அண்ணன். "ராக் மாமா." "நாலு நாலா எண்ணினா அடங்குதில்ல? பாடு." சின்னக் காதல் பாட்டு கிளம்பியது. ரெண்டாவது சரணத்தில் பையனுக்கு வரி மறந்துவிட்டது. விழித்தான். தபேலா அவசரப்படவில்லை; அங்கேயே ஒரு சுற்று சுற்றிக் காத்திருந்து, வரி ஞாபகம் வந்ததும் கூட்டிக்கொண்டு போனது. பெரியத்தை மட்டும் கேட்டார்: "இது என்ன படம்டா?"

இளைஞர்களே, அடுத்து உங்கள் கல்யாணத்துக்குப் பாட்டு ஏற்பாடு பண்ணும்போது லேப்டாப் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் ஒரே ஒரு தபேலாவுக்கும் வெற்றிலை பாக்கு வையுங்கள். பாட்டில் தடுமாறினால் காத்திருக்க ஒரு ஆள் வேண்டாமா? கல்யாணத்துக்கு அப்புறம் தடுமாறினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஸார்.