கண்டிச் சந்தையில் மலிவு யாருக்கு?

யாழ்ப்பாணத்தில் ஏ9 நெடுஞ்சாலைக்குக் கண்டி வீதி என்றுதான் பெயர். என் தலைமுறைக்கு அது ஊருக்குப் போகும் வீதி மட்டுமல்ல, விலையைத் தீர்மானித்த வீதியும்தான். 2006 ஆகஸ்டில் அது மூடப்பட்டபோது சீனிக்கும் பால்மாவுக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னால் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். கையில் கொஞ்சம் காசு இருந்தது. வாங்கத்தான் பொருள் இருக்கவில்லை.

இந்தத் தைப்பொங்கல் முடிந்து அதே வீதியால் கண்டிக்குப் போனேன். கூட வந்தவன் அக்காவின் மகன். யப்பானில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு மாத விடுமுறை. நாலு நாள் தங்குவது, அடுப்பு உள்ள அறையாக எடுப்பது, சாமான் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவது என்பது அவனுடைய திட்டம். சிக்கனத்தை அவன் யப்பானில் படித்திருந்தான்.

“மாமா, அங்க பொழுதுபட்டாப் பிறகுதான் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகோணும். அண்டைக்குச் சமைச்ச சாப்பாட்டுக்கும் மீனுக்கும் முதல்ல இருபது வீதக் கழிவு ஒட்டுவினம். கடை பூட்டுற நேரம் அரைவிலை. படிக்கிற பெடியள், பென்சன்காரர், எங்களை மாதிரி ஆக்கள் எல்லாம் அந்த ஒட்டுத்தாளுக்காகச் சுத்திக்கொண்டு நிப்பம்.”

யப்பானுக்குப் போகும் உல்லாசப் பயணிகளும் இப்போது அதே கடைகளைத்தான் தேடுகிறார்கள். 2021இல் ஒரு டொலருக்கு 110 யென் அளவில் கிடைத்தது. 2024 ஜூலையில் அது 160ஐத் தாண்டியது. அந்த ஒரே ஆண்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அங்கே போனார்கள். டொலரோடு போனவருக்கு யப்பான் மலிந்துபோனது. யென்னில் சம்பளம் வாங்குபவருக்கோ 2025 இளவேனிலில் ஐந்து கிலோ அரிசியின் விலை முந்தைய ஆண்டைப்போல இருமடங்காகி 4,200 யென்னைத் தாண்டியது. அரசாங்கம் களஞ்சியத்தில் வைத்திருந்த அரிசியைச் சந்தைக்கு விடவேண்டி வந்தது. ஒரே நாணய வீழ்ச்சி வந்தவனுக்கு மலிவாகவும் இருப்பவனுக்குப் பாரமாகவும் அமைந்தது.

இந்தக் கதை எங்களுக்குப் புதிதல்ல. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 அளவுக்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பிறகு டொலர் 300க்குக் கிட்ட வந்து நின்றது. பயணிகள் திரும்பி வந்தார்கள். 2024இல் மட்டும் 20 இலட்சத்துக்கு மேல். “இலங்கை மலிவான நாடு” என்ற பேச்சை அவர்களோடு சேர்ந்து எங்கள் புலம்பெயர் உறவுகளும் பேசுகிறார்கள்.

கண்டி நகரத்தின் மையத்தில் முதலில் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குள் போனோம். குளிரூட்டி, ஒழுங்கான விலைச்சீட்டு, வங்கிக் கடனட்டை வைத்திருப்பவருக்கு வார இறுதியில் மரக்கறிக்கும் பழத்துக்கும் கழிவு. அட்டை இல்லாதவருக்கு முழுவிலை. பிறகு மத்திய சந்தைக்குப் போனோம். கருவாட்டுக் கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றார். கலஹாப் பக்கத்துத் தோட்டமாம். நெத்தலி நூறு கிராம், செத்தல் மிளகாய் ஐம்பது கிராம், பருப்பு கால் கிலோ. அவர் சாமானைப் பையில் வைத்தபடி கடைக்கார நானாவிடம், “கொழுந்து கொறைவுங்க, ரெண்டு நாளா அரைப்பேர்தான் போட்டாங்க” என்றார். சொன்ன நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைநாள் சம்பளம். அதுதான் அரைப்பேர்.

மருமகன் ஒரு கிலோ பருப்பை ஒரேயடியாக வாங்கினான். பெரிய பொதியாக வாங்குகிறவருக்குக் கிராமுக்கு விழும் விலை குறைவு என்பது யப்பானிலும் கண்டியிலும் ஒரே கணக்கு. அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்கு வாங்குகிறவர்தான் கிராமுக்குக் கூடக் கொடுக்கிறார். கடனட்டைக் கழிவும் அவருக்கு இல்லை.

அறைக்குத் திரும்பிக் கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அன்றைய பெறுமதியில் ஐந்து டொலர். அந்த ஆண்டு ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்படும்வரை 400 கிராம் பால்மா 380 ரூபா. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோது அது நாலரை டொலர். பால்மாவோ 1,000 ரூபாவைச் சுற்றியே நின்றது. ஆக, முன்பு நாட்சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிய பால்மா, பிறகு நாலில் மூன்று பங்கை விழுங்கியது. 2026 வரவுசெலவுத் திட்டம் சொன்ன 1,750 ரூபாவில் 200 ரூபா, வேலைக்கு வந்தால் அரசாங்கம் கொடுக்கும் வரவுக் கொடுப்பனவு. முழுவதும் கையில் கிடைத்தாலும் ஆறு டொலர் இல்லை.

பயணி ஒருவர் கண்டியில் குடிக்கும் தேநீர் ஏன் மலிவு என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை நட்ட மாவட்டம் இது. கொழுந்து பறிப்பவரின் நாள், டொலரில் எண்ணும்போது, ஐந்தாண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. வீட்டுச் சாமானின் விலை நிற்கவில்லை.

2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை கொழும்பு விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தே இருந்தது. அதைச் சொல்லி விலைவாசி இறங்கிவிட்டது என்றார்கள். சுட்டெண் எடுக்கப்படுவது கொழும்பு நகரத்தவரின் கூடையை வைத்து. மின்சாரமும் எரிபொருளும் இறங்கினால் அந்தக் கூடை இறங்கும். நெத்தலியும் பருப்பும் பால்மாவும் நிறைந்த கூடை கலஹாவிலும் வேறு மாதிரி, கிளிநொச்சியிலும் வேறு மாதிரி. போதாததற்குக் கடந்த நவம்பரில் டித்வா புயல் வந்தது. நாட்டிலேயே மிக அதிகம் பேர் இறந்தது கண்டி மாவட்டத்தில். மண்சரிவு வீதிகளை அறுத்தபோது மரக்கறி விலை எப்படி ஏறும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வீதி அறுந்தால் விலை ஏறும் என்பது நாங்கள் வாழ்ந்து படித்த பாடம்.

கண்டிக்குப் போகும் எங்கள் ஆட்களுக்குச் சில வார்த்தைகள். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது சட்டப்படி குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். பொலித்தீன் பைக்கு இப்போது தனிக்காசு என்பதால் துணிப்பை கொண்டு போங்கள். பெரிய கடையில் பேரம் பேச முடியாது என்பதற்காக, நடைபாதையில் கீரைக்கட்டு வைத்திருக்கும் அம்மாவிடம் பேரம் பேசாதீர்கள்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது வேறு. கூட்டுறவுச் சங்கங்கள் நூறு கிராமையும் கிலோ விலைக்கணக்கிலேயே நிறுத்துக் கொடுக்கட்டும். போர்க்காலத்தில் நிவாரணம் அளந்த கடைகளால் அது முடியாததல்ல. கழிவு கொடுக்கும் சுப்பர் மார்க்கெட்டுகள் அதைக் கடனட்டைக்குக் கொடுக்காமல் நேரத்துக்குக் கொடுக்கட்டும். யப்பானின் ஒட்டுத்தாள் எந்த வங்கி என்று கேட்பதில்லை.

கடைசி நாள் பின்னேரம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மரக்கறி கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாடிய போஞ்சி, உடைந்த கரட், இரண்டு தக்காளி. இருட்ட இருட்டக் கூறின் விலை இறங்கிக்கொண்டே போனது. மருமகனுக்கு முகம் மலர்ந்தது. “மாமா, இதுதான் எங்கட அரைவிலை ஒட்டுத்தாள்!” என்று குனிந்தான். எங்களுக்குப் பின்னால் கலஹா பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்களும் அதே கூறுகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருந்தது மூன்று கூறு.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு அடுத்த கடையில் முழுவிலை கொடுத்துக் கால் கிலோ போஞ்சி வாங்கினான். வித்தியாசம் நூறு ரூபாகூட வரவில்லை. அவனுக்கு அது ஒரு கணக்கே இல்லை. அந்த நூறு ரூபா யாருக்குக் கணக்கு என்பதைத்தான் நாலு நாளும் கண்டியில் பார்த்தோம்.