ஒரு நாள் பயணமா? பயிரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க



சனி, ஞாயிறு ஆனால் எங்க பக்கம் சென்னை வண்டிகள் நிறைய வருது. உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரோட்டை விட்டுத் திரும்பி, எங்க மங்கலம்பேட்டை வழியாக விருத்தாசலம், சிதம்பரம் என்று போகிறார்கள். டீக்கடையில் நிறுத்துபவர்கள் கையில் இருக்கும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் பாண்டிச்சேரி, பதினொரு மணிக்குப் பிச்சாவரம், மதியம் சிதம்பரம் கோயில், அப்புறம் கங்கைகொண்ட சோழபுரம், சாயங்காலம் வீராணம் ஏரிக்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு ராத்திரியே வீட்டுக்கு.

இதை ஒரு விவசாயியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சென்னையிலிருந்து சிதம்பரம் சுமார் 220 கிலோமீட்டர். நேராகப் போய் வந்தாலே 440. ஒன்பது மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் என்றால் கிட்டத்தட்ட 30 லிட்டர் பெட்ரோல், சுமார் 3,000 ரூபாய். அதற்கு மேல் சுங்கச்சாவடி. மதியம் கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருக்கும். பிச்சாவரத்தில் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். ஐந்து இடம் பார்த்த கணக்கு இருக்கும், ஒரு இடத்தைப் பார்த்த ஞாபகம் இருக்காது. செலவு செய்த பணத்தில் நீங்கள் பார்க்க வந்த மண்ணுக்கு வந்தது என்ன என்று கேட்டால், ரெண்டு டீ, ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கிராமத்துக்கு ஒரு நாள் பயணம் வருவதென்றால் இடத்தை வைத்துத் திட்டம் போடாதீங்க, பயிரை வைத்துப் போடுங்க. எந்த மாதம் எது விளையுதோ அதைப் பார்க்க வாங்க. அப்படி வந்தால் உங்களுக்கும் ஒரு நாள் உருப்படியாகக் கழியும், எங்களுக்கும் நாலு காசு நிற்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மும்பைக்காரர்கள் இதைத்தான் நாசிக்கில் செய்கிறார்கள். மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். அங்கே திராட்சை பரம்பரையாக இருக்கிற பயிர். மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கு என்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. சூலா மாதிரி ஒயின் கம்பெனிகள் தோட்டத்தையே பார்வையாளர்களுக்குத் திறந்து விட்டன. தை, மாசியில் அறுவடை நேரமாகப் பார்த்து மும்பை, புனேவிலிருந்து ஜனங்கள் போகிறார்கள். கொடியைப் பார்க்கிறார்கள், பழம் மிதிக்கிறார்கள், ஒயின் எப்படி ஆகிறது என்று கேட்டுக்கொள்கிறார்கள், வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கம்பெனிகள் சொந்தத் தோட்டத்துப் பழம் போதாமல் சுற்றுவட்டார விவசாயிகளிடமும் ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. நாசிக் திராட்சையில் பெரும்பங்கு சாப்பிடும் பழமாகத்தான் போகிறது, ஒயினுக்குப் போவது கொஞ்சம்தான். ஆனாலும் அந்தக் கொஞ்சத்தை வைத்து ஊருக்கே ஒரு பேர் வந்துவிட்டது.

நம்ம ஊரில் ஒயின் ஷாப் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். அங்கே போய் ஒயின் கேட்பவர் யாரும் இல்லை. நான் இங்கே ஒயின் காய்ச்சச் சொல்லவில்லை, யாரையும் குடிக்கவும் சொல்லவில்லை. ஒரு ஊர் தன் பயிரைக் காட்டியே விருந்தாளியைக் கூப்பிட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் கோவா. அங்கேயும் முந்திரி, இங்கேயும் முந்திரி. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமெல்லாம் செம்மண் கொல்லையில் முந்திரிதான். விருத்தாசலத்தில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் இந்தப் பக்கம் எல்லாக் கொல்லையிலும் நிற்கும். பங்குனியிலிருந்து வைகாசி வரை பழம் விழும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே போட்டுவிடுவோம். கொட்டையைவிடப் பல மடங்கு எடை உள்ள பழம், மஞ்சளும் சிவப்புமாக மரத்தடியில் கிடந்து அழுகும். மாடு கொஞ்சம் தின்னும், பிள்ளைகள் உப்பு தொட்டுக் கொஞ்சம் தின்னும். கோவாவில் அதே பழத்தைப் பிழிந்து, புளிக்க வைத்து, பெனி என்ற சாராயமாகக் காய்ச்சி, 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். முந்திரிக் காலத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். எங்களுக்குச் சாராயம் வேண்டாம். அந்தப் பழத்தில் சாறு போடலாம், ஜாம் போடலாம், மிட்டாய் போடலாம் என்று படித்தவர்கள் வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள். ஆனால் வாங்குவதற்கு ஆள் வந்தால்தானே போட முடியும்? வருகிற ஆள் பைபாஸில் அல்லவா போகிறார்!

வருகிறவர்களில் ஒரு சிலரால் எங்களுக்கு மிஞ்சுவது பாட்டில். பாண்டியில் விலை குறைவு என்று வாங்கிக்கொண்டு, வரும் வழியில் ஏரிக்கரை, மதகு, வரப்பு என்று நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களும் இதைச் செய்கிறார்கள், மறைக்கவில்லை. குடித்த பாட்டிலைக் கல்லில் அடித்து உடைப்பதில் என்ன சந்தோஷமோ தெரியவில்லை. மழை வந்தால் அந்தக் கண்ணாடி கழனிக்குள் இறங்கும். சேற்றுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. டிராக்டர் கேஜ் வீல் ஏறினால் அது இன்னும் பத்துத் துண்டாகும். நாற்று நடுகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. குதிகாலில் கண்ணாடி ஏறினால் ஒரு ஊசி, ஒரு வாரக் கூலி போச்சு. நடவு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. "உங்க கழனியில பாட்டில் கிடக்குது, நாங்க வரல" என்று சொல்லிவிட்டால் அந்தப் பட்டத்தில் நடவே தள்ளிப்போகும்.

நீலகிரியில் 2022-ல் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிடுவது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பாண்டியில் வாங்கிய பாட்டிலை யாரும் பத்து ரூபாய்க்காக இங்கே திருப்பித் தர முடியாது. அதற்கு உங்கள் மனசுதான் சட்டம். கொண்டுவந்த பாட்டில் உங்களோடவே ஊர் திரும்பட்டும்.

சரி, பயிரைப் பார்த்து வருவது எப்படி? எங்கள் பக்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்.

தை, மாசியில் வந்தால் சம்பா அறுவடை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் பச்சை மஞ்சளாகி நிற்கும். இப்போது அறுப்பதெல்லாம் மெஷின்தான். ஆனாலும் களத்தில் நெல் காய்வதைப் பார்க்கலாம். பாரம்பரிய ரகம் போடுகிறவர்களிடம் அரிசி நேராக வாங்கலாம். அதே நேரத்தில் முந்திரி பூத்திருக்கும். பிச்சாவரத்துக்கும் ஐப்பசி முதல் மாசி வரைதான் நல்ல காலம், வெயில் தணிந்து பறவைகளும் வந்திருக்கும்.

பங்குனி, சித்திரையில் மல்லாட்டை பிடுங்குவோம். நீங்கள் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். பச்சையாகப் பிடுங்கி அவித்துச் சாப்பிட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும், பாக்கெட்டில் வருவது எவ்வளவு பழசு என்று. முந்திரிக்கொட்டை பொறுக்குவதும் அப்போதுதான். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பாருங்க, கருத்துப்போய் இருக்கும். அதைப் பார்த்தவர் அடுத்த தடவை கடையில் முந்திரி விலையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

சித்திரை முதல் ஆனி வரை பலா. பண்ருட்டிப் பலாவைக் கோயம்பேட்டில் வாங்குவதற்கும் மரத்தடியில் வாங்குவதற்கும் ருசியிலேயே வித்தியாசம் உண்டு. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரையேறியபோது இந்தப் பலாவும் முந்திரியும் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. அப்பா, தாத்தா வைத்த மரங்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் தோப்புகள் பல அதற்குப் பிறகு வைத்து வளர்த்தவை. மரத்தைக் காட்டி அந்தக் கதையைச் சொல்ல ஒவ்வொரு தோப்பிலும் ஆள் இருக்கிறார். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஆடிக்கு மேல் வீராணம். மேட்டூர் திறந்து, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து ஏரி நிறையும். பராந்தகச் சோழன் காலத்து ஏரி, சுமார் 14 கிலோமீட்டர் நீளம். "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை. சென்னைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய உறவு ஒன்று இருக்கு. 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாக உங்கள் ஊருக்கு வருகிறது, நாளைக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுபோகும் திட்டம். 40,000 ஏக்கருக்கு மேல் நனைக்கிற ஏரி அது. கரையில் நின்று செல்பி எடுக்கும்போது, இந்தத் தண்ணீரைக் கழனிக்காரனும் நாமும் பங்கு போட்டுக் குடிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தால் போதும், காலிப் பாட்டிலை ஏரிக்குள் வீச மனசு வராது.

பிச்சாவரம் போனால் துடுப்புப் படகில் போங்க. குறுகலான வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும், ஓட்டுகிறவரும் அந்த ஊர்க்காரராக இருப்பார். சுரபுன்னை எது, வெண்கண்டல் எது, பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லை மரம் எது என்று அவரைக் கேளுங்க. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவு. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். சினிமா எடுத்த இடம் என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது, வைத்தியரை அவர் போட்டிருக்கும் சட்டைக்காகப் பார்க்கப் போன மாதிரி.

காரில்தான் வரணும் என்றும் இல்லை. எழும்பூரிலிருந்து திருச்சி பக்கம் போகும் ரயில்கள் பல விருத்தாசலத்தில் நிற்கும். காலை ரயிலில் வந்து, விருத்தகிரீஸ்வரர் கோயிலைப் பார்த்து, மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பரிடம் பிராது இருந்தால் கட்டிவிட்டு, ஒரு கொல்லையில் நாலு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். ஓட்டிய களைப்பு இருக்காது.

எங்க ஊர்க்காரர்களே சிலர் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. "டவுன்காரங்கள உள்ள விட்டா முதல்ல போட்டோ எடுப்பாங்க, அப்புறம் நிலத்துக்கு விலை கேப்பாங்க" என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு கடலோரத்து நிலம் எப்படிக் கைமாறியது என்று எல்லோரும் பார்த்தோம். ஆனால் யாரும் வராத ஊரிலும் நிலம் கைமாறத்தான் செய்கிறது. விளைச்சல் கட்டுப்படியாகாதவன் விற்கத்தான் செய்வான். வருகிறவர் எங்கள் விளைச்சலை நேராக வாங்கினால் விற்க வேண்டிய அவசியம் கொஞ்சம் தள்ளிப்போகும். எனக்கு ரிசார்ட் வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம். வியாபாரி கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, கடையில் நீங்கள் கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு விலை. அது ரெண்டு பேருக்கும் லாபம்.

அதனால் வருவதற்கு முன்னால் தெரிந்த விவசாயி யாருக்காவது ஒரு போன் போடுங்க. தெரிந்தவர் இல்லையா, அலுவலகத்தில் இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தராவது இருப்பார், அவர் வீட்டுக்கு வாங்க. "இப்ப என்ன விளையுது, எத்தனை மணிக்கு வந்தா வேலைக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கும்" என்று கேளுங்க. விடியற்காலை என்றுதான் பதில் வரும், ஏன்னா எங்கள் வேலை அப்போதுதான். கொல்லைக்குள் கேட்டுவிட்டு இறங்குங்க. பிள்ளைகளுக்கு ஒரு இடம் போதும், அஞ்சு இடம் வேண்டாம். வரும்போது காலிப் பை ரெண்டு எடுத்துட்டு வாங்க. ஒன்று நீங்கள் வாங்கிப் போவதற்கு, இன்னொன்று உங்கள் குப்பைக்கு.