ஸ்லோ தடுமாறினால் பிரேக்கைப் பாருங்கள்

ஏற்காட்டில் கோடை விழா தொடங்கிவிட்டால் ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே நிற்கும் கார்களில் ஒன்றாவது 'ஸ்லோ' நிற்காமல் தடுமாறிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் 700, 800 ஆர்.பி.எம்.மில் அடங்கி ஓட வேண்டும். அது 1,200-க்குப் போய், 500-க்கு விழுந்து, மறுபடி ஏறும். ஓட்டி வந்தவரைக் கேட்டால், "மலை ஏறுனதால அப்படிங்க அண்ணா, கீழ போனா சரியாயிடும்" என்பார். ஏற்காட்டில் ஒர்க்‌ஷாப் நடத்துகிற மெக்கானிக்காகச் சொல்கிறேன், இந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 வண்டிகளின் கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், ஸ்லோ நிற்காது. ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்வார்கள், சேலம் போனதும் பழையபடி திருப்பி வைப்பார்கள். இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் அப்படியல்ல. காற்றழுத்தத்தையோ உள்ளே போகும் காற்றின் அளவையோ சென்சார் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். சேலத்தில் ஒழுங்காக நின்ற ஸ்லோ ஏற்காட்டிலும் நின்றாக வேண்டும். நிற்கவில்லை என்றால் வண்டியில் கோளாறு இருக்கிறது.

என்ன கோளாறு என்பதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி பிடிபடும். சீராக, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால் பெரும்பாலும் காற்றுக் கோளாறு. த்ரோட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், அல்லது அதற்குப் பின்னால் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்து, கம்ப்யூட்டர் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எஸ்டேட்டில் பல நாள் நின்ற வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஒழுங்கில்லாமல் உதறினால் வேறு கதை. அங்கே பிளக், காயில், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும்.

இந்த ஹோஸ்களில் தடிமனான ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. பெட்ரோல் வண்டியில் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்தான். அந்த ஹோஸோ, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பரோ கிழிந்தால் முதல் அறிகுறி பிரேக்கில் தெரியாமல் ஸ்லோவில் தெரியலாம்.

ஈரோட்டிலிருந்து வந்த குடும்பத்தின் கார் ஒன்று. ஊரில் ஒரு கடையில் பிளக்கும் காயிலும் மாற்றியிருந்தார்கள், அதற்கும் அடங்கவில்லை என்று ஸ்லோவைத் தூக்கி வைத்து அனுப்பியிருந்தார்கள். பிரேக்கை மிதித்தால் பெடல் அருகே 'உஸ்' என்ற சத்தம், கூடவே ஆர்.பி.எம். மாறியது. பூஸ்டர் ஹோஸைக் கையால் நசுக்கிப் பிடித்தேன், ஸ்லோ அடங்கிவிட்டது. பூஸ்டர் உள்ளே கிழிந்திருந்தது. இரண்டு குழந்தைகளோடு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கவிருந்த வண்டி அது.

ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் கோடுக்கு ஒரு பாகத்தை மாற்றுவது பழுது பார்ப்பதாகாது. கலவையில் காற்று அதிகம் என்று ஸ்கேனர் சொல்லும், எந்த ஹோஸ் கிழிந்தது என்று சொல்லாது. காரணத்தைத் தேடாமல் ஸ்லோவைத் தூக்கி வைப்பது அறிகுறியை மறைக்கும் வேலை. தொழிலில் இருக்கும் தம்பிகளிடம் இதைக் கோபமாகவே சொல்லியிருக்கிறேன்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது இன்ஜின் ஸ்லோவை மட்டுமே நம்பி ஓடுகிறது. வளைவில் அணைந்துவிட்டால் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டொரு மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும்.

பிரேக்கை அரசாவது சோதிக்கிறதா என்றால், சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதுவரை எஃப்.சி. கிடையாது. இடையில் அரசு கட்டாயமாக்கியிருக்கும் சோதனை புகைப் பரிசோதனை ஒன்றுதான். பெட்ரோல் வண்டிக்கு அதில் ஸ்லோவில் ஓடவிட்டும் அளக்கிறார்கள். அந்தச் சீட்டை மடித்து டேஷ்போர்டில் போடும் முன் எண்களைப் படியுங்கள். பி.எஸ்.4 பெட்ரோல் வண்டி ஸ்லோவில் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும். வரம்பை ஒட்டி நின்றாலே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் புகைப் பரிசோதனை பிரேக்கைப் பார்க்காது. அதனால் கோடை விழா நாட்களில் அடிவாரத்திலேயே பிரேக்கைச் சோதித்து அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதுவரை நீங்களே பார்க்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை அடிவாரத்தில் விட்டுவிடுங்கள். மேலே வர சேலத்திலிருந்து பேருந்து இருக்கிறது.