கற்றாமரையும் கொலுசும்

ஜெய்ப்பூரின் நாகர்கர் கோட்டையிலுள்ள மாதவேந்திர மாளிகையில் 2017-ஆம் ஆண்டில் தற்காலச் சிற்பங்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட செய்தி, சேலம் சீமையின் கலாபிமானிகளைச் சிந்திக்கச் செய்ய வேண்டும். தாரமங்கலம் கைலாசநாதர் ஆலயத்து விதானத்தில் விரிந்திருக்கும் கற்றாமரையையும், அதன் இதழ்களைக் கொத்தும் கிளிகளையும் அண்ணாந்து பார்த்து நின்றவர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் மாங்காயும் கொடியுமாக உருப்பெறும் கொலுசு அந்தப் பரம்பரையின் இளைய வாரிசே என்பதை உணராதிரார். ஆயினும் கொலுசு எடைக்கு விலைபோகிறது. செய்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை. ஜெய்ப்பூர்க் கோட்டையைப் போலவே நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில், கல்லில் ஓர் ஆணியும் அறையாமல், ஆண்டுக்கு ஒரு மாதமேனும் நம் வெள்ளித் தொழிலாளரும் வெண்பட்டு நெசவாளரும் தத்தம் நூதனப் படைப்புகளைச் சொந்தப் பெயரோடு காட்சிக்கு வைக்கத் தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் மனமிசைந்து வழிசெய்ய வேண்டும்.