கூடாரம் எங்கே இருக்கிறது? சஃபாரி கிளம்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கூடாரத்துக்கு வெளியே லாந்தர் வெளிச்சம் ஒன்று அசைந்து வந்து நிற்கிறது. ‘ஜாம்போ’ என்று ஒரு மெல்லிய குரல். சுவாஹிலி மொழியில் வணக்கம் சொல்கிறார்கள். துணிக் கதவின் ஜிப்பைத் திறந்தால், வாசலில் சூடான காபியும் பிஸ்கட்டும் தயார். தூரத்தில் எங்கோ கழுதைப்புலி ஊளையிடுகிறது. அரை மணி நேரத்தில் ஜீப் கிளம்பிவிடும்.

கென்யாவின் மசாய் மாராவிலும் தான்சானியாவின் செரங்கெட்டியிலும், கூடார முகாம்களில் தங்குபவர்களுக்கு இப்படித்தான் பொழுது விடிகிறது. ‘சஃபாரி’ என்றால் சுவாஹிலியில் ‘பயணம்’ என்றுதான் பொருள். ஆனால், அந்தப் பயணம் சாதாரணச் செலவில் முடிவதல்ல. பல குடும்பங்களுக்கு இது வருடக்கணக்கில் சேர்த்த பணம். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போகிற ஊர்.

அப்படிப் போய்விட்டு, ‘பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை’ என்று முகம் வாடித் திரும்புகிறவர்களும் உண்டு. விலங்குகள் இல்லாமல் இல்லை. விலங்குகள் ஓரிடத்தில் இருந்தன. இவர்களின் கூடாரம் வேறிடத்தில் இருந்தது. அவ்வளவுதான். பலரும் மெத்தையையும் நீச்சல் குளத்தையும் போட்டோவில் பார்த்து முகாமைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வரைபடத்தை!

முதலில் மாதம், பிறகு முகாம்

செரங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அதன் வடக்கு எல்லையை ஒட்டி, கென்யப் பக்கத்தில் இருக்கும் மசாய் மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நாடு இரண்டானாலும் புல்வெளி ஒன்றுதான். மழை எங்கே பெய்கிறதோ, புல் எங்கே துளிர்க்கிறதோ, அந்தத் திசையில் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. மாட்டின் உடலும் தொங்கும் தாடியும் கொண்ட மான் இனம் இது. கூடவே வரிக்குதிரைகளும் நடக்கின்றன.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கூட்டம் தெற்கே, எண்டுட்டு சமவெளியில் இருக்கும். பழைய எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். அதனால்தான் தாய் விலங்குகள் குட்டி போட அந்த இடத்தைத் தேடி வருகின்றன. பிறந்த குட்டி சில நிமிடங்களில் எழுந்து நிற்பதையும், அதற்காகவே காத்திருக்கும் சிவிங்கிப்புலியையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

மே, ஜூன் மாதங்களில் கூட்டம் மேற்கே க்ருமெட்டி ஆற்றுப் பக்கம் நகர்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கு செரங்கெட்டியிலும் மசாய் மாராவிலும் இருக்கும். முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கூட்டம் கூட்டமாகக் கடக்கும் காட்சி இந்த மாதங்களில்தான். நவம்பரில் மழை தொடங்கியதும் மறுபடி தெற்கே திரும்பிவிடும்.

ஆகவே, பிப்ரவரியில் மாரா ஆற்றங்கரையில் தங்கிக்கொண்டு ‘ஆற்றைக் கடப்பது எப்போது?’ என்று கேட்பதில் பயனில்லை. ஆகஸ்ட்டில் எண்டுட்டுவில் தங்கினாலும் அதே கதைதான். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி போன்றவை மாராவில் ஆண்டு முழுவதும் உண்டு. ‘கூட்டத்தைப் பார்க்க வேண்டும்’ என்பவர்கள்தான் மாதத்தைப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். சரியான மாதத்தில் போனாலும் ஆற்றைக் கடக்கும் நாளை யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்லும் ஏஜென்ட் இருந்தால், அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது!

நிற்கும் முகாம், நகரும் முகாம்

கூடார முகாம்களில் இரண்டு வகை. ஒன்று, ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பது. மரப்பலகை மேடை, அதன்மேல் கேன்வாஸ் கூடாரம், பின்புறம் குழாய்த் தண்ணீருடன் குளியலறை. ஏறக்குறைய ஓட்டல் அறைதான். சுவர் மட்டும் துணி.

இன்னொன்று, விலங்குகளோடு சேர்ந்து இடம் மாறுவது. பருவத்துக்குத் தெற்கில் சில மாதங்கள், வடக்கில் சில மாதங்கள். கிளம்பும்போது கூடாரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே வசதி குறைவு. குளிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெந்நீரைக் கொண்டுவந்து, கூடாரத்துக்குப் பின்னால் உயரத்தில் தொங்கும் வாளியில் ஊற்றுவார்கள். கயிற்றை இழுத்தால் ஷவர். ஒரு வாளிக்குள் குளியலை முடிக்கப் பழகியவர்களுக்கு இது ஒரு பிரச்னையே இல்லை.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முதல் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். வில்டபீஸ்ட் கூட்டம்தான் முக்கியம் என்பவர்களுக்கு இரண்டாவது. ஏப்ரல், மே பெருமழைக் காலத்தில் சில முகாம்களை மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உள்ளே, வெளியே, பக்கத்தில்

மசாய் மாராவில் வாசலுக்கு வெளியே இருக்கும் முகாம்களில் கட்டணம் குறைவு. ஆனால், சிங்கமும் சிறுத்தையும் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையில். அந்த நேரத்தில் வெளி முகாமில் இருப்பவர்கள் வாசலில் டிக்கெட் சரிபார்க்க வரிசையில் நிற்பார்கள். உள்ளே இருப்பவர்களின் ஜீப் அதற்குள் சிங்கத்தின் அருகே போயிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. காப்பகத்தை ஒட்டி மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மொடோரோகி போன்ற ‘கன்சர்வன்சி’கள் இருக்கின்றன. இவை மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்கள். முகாம்கள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. பதிலுக்கு அந்த நிலம் வேலி போடாமல், விலங்குகளுக்குத் திறந்தே கிடக்கிறது. முகாம்களின் எண்ணிக்கைக்கும் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத இரவுச் சவாரியும், வழிகாட்டியுடன் நடந்து போவதும் இங்கே முடியும். கட்டணம் கூடுதல்தான். ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் முண்டியடிக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு, அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்பது புரியும்.

வேலி இல்லாத வீடு

பெரும்பாலான முகாம்களுக்கு வேலி கிடையாது. ராத்திரி யானை வந்து கூடாரத்துக்குப் பக்கத்தில் மரக்கிளை முறிக்கலாம். ஆற்றங்கரை முகாம் என்றால் நீர்யானை புல் மேய வரலாம். பயப்பட வேண்டியதில்லை, விதிகளை மட்டும் மீறக் கூடாது.

இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குக்கூடத் தனியாக நடக்கக் கூடாது. டார்ச் அடித்தாலோ விசில் ஊதினாலோ காவலர் வந்து அழைத்துப் போவார். பெரும்பாலும் அவர் அந்த ஊர் மசாய் இளைஞராக இருப்பார். ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். முறுக்கு, பிஸ்கட், பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. வாசனை பிடித்து முதலில் வருவது சிங்கம் அல்ல, பபூன் குரங்கு!

இந்தக் காரணத்தால் பல முகாம்களில் சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. வயது வரம்பு முகாமுக்கு முகாம் மாறும். முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேட்க வேண்டும். குடும்பத்துக்கென்றே இரண்டு அறை இணைந்த கூடாரங்களை வைத்திருக்கும் முகாம்களும் உண்டு.

விலைக்குள் என்ன அடங்கும்?

இரண்டு முகாம்களில் ஒன்றின் விலை பாதியாகத் தெரிந்தால், உடனே சந்தோஷப்பட வேண்டாம். அந்த விலையில் சாப்பாடு மட்டும் அடங்குகிறதா, ஜீப் சவாரியும் சேர்த்தா? ஜீப் குடும்பத்துக்குத் தனியாகவா, பிறரோடு சேர்ந்தா? விமான ஓடுதளத்திலிருந்து அழைத்துவருவது யார் பொறுப்பு? பூங்காக் கட்டணம் சேர்ந்ததா?

கடைசிக் கேள்விதான் பலரின் பட்ஜெட்டைக் கவிழ்க்கிறது. 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர்; ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நான்கு பேர் மூன்று நாள் தங்கினால் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் தெரியும்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். முட்டையும் கூடாது என்றால் அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அருகில் கடையே இல்லாத இடத்தில், அன்றைக்குப் போய்ச் சொன்னால் சமையல்காரர் பாவம், என்ன செய்வார்?

பெட்டி கட்டும் முன்

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரம். சாலை வழி என்றால் ஐந்து, ஆறு மணி நேரம். சிறிய விமானத்தில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோதான், அதுவும் துணிப் பையில். சக்கரம் வைத்த கெட்டியான சூட்கேஸ் ஏறாது.

ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைக்கிறார்கள். மாரா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; விடியற்காலை ஜீப்பில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. கறுப்பு, கருநீல உடைகள் வேண்டாம். கடிக்கும் செட்சி ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும். சூரிய மின்சாரத்தில் ஓடும் முகாம்களில் ஹேர் டிரையர் போட முடியாது. பிளாஸ்டிக் பைகளை கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் தடை செய்துவிட்டன. சாமான்களைத் துணிப் பையில் பிரித்துக் கட்டலாம்.

இந்தியாவிலிருந்து கென்யா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயத் தேவை. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைக்கலாம். மலேரியா தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

யாருடைய புல்வெளி?

கடைசியாக ஒரு விஷயம். 1959-ல் செரங்கெட்டியை விலங்குகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியபோது, அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் வெளியேற நேர்ந்தது. இன்று வருகிற பயணி ரசிக்கும் அந்த ஆளில்லா வெளி, ஒரு காலத்தில் அவர்களின் மேய்ச்சல் நிலம். 2020-ல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது, மாராவைச் சுற்றியிருந்த நில உரிமையாளர்களின் குத்தகைப் பணமும் அடி வாங்கியது. அந்தப் பணம் வராவிட்டால் வேலி வரும், உழவு வரும். விலங்குகள் நடந்துவந்த பாதை அடைபடும்.

அதனால் முகாமிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். வழிகாட்டிகளும் ஊழியர்களும் எந்த ஊர்க்காரர்கள்? நிலத்துக்குக் குத்தகை யாருக்குப் போகிறது? நல்ல முகாம்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

அந்தப் பதில் கிடைத்த முகாமில், விடியற்காலை லாந்தரோடு வந்து ‘ஜாம்போ’ சொல்பவர் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவராகவே இருக்கலாம். பதிலுக்கு ‘அசாந்தே’ என்று சொல்லப் பழகிக்கொண்டு போகலாம். சுவாஹிலியில் அதற்கு ‘நன்றி’ என்று பொருள்.