சந்தோஷமா? சுதந்திரமா?

மனிதனுக்கு வேண்டியது சந்தோஷமா, சுதந்திரமா என்கின்ற கேள்வியை வைத்துக்கொண்டு மேல்நாட்டு ஆசிரியர்கள் பலர், வருங்கால உலகத்தைப் பற்றிப் பயங்கரமான நாவல்கள் எழுதியிருக்கின்றார்கள். அவற்றுள் பெரிதும் பேசப்படுவது, இங்கிலாந்து தேசத்து ஆல்டஸ் ஹக்ஸ்லி என்பவர் 1932-இல் வெளியிட்ட "பிரேவ் நியூ வேர்ல்ட்", அதாவது "அற்புதமான புது உலகம்" என்பதாகும். கடவுளையும் மதத்தையும் விட்டுவிட்டு விஞ்ஞானத்தை நம்பினால் உலகம் இந்தக் கதிக்குத்தான் வரும் என்பதற்குப் பக்தர்கள் இப்புஸ்தகத்தைச் சாட்சியாகக் காட்டுகின்றார்கள். படித்தவர்களில் சிலரும் அதைக் கேட்டுத் தலையாட்டுகின்றார்கள். ஆகவே அதில் உள்ளது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

கதை நடப்பது கி.பி. 2540-ஆம் வருஷத்து லண்டன் நகரத்தில். அங்கு தாய் வயிற்றில் பிள்ளை பிறப்பதில்லை, புட்டிகளில் வளர்க்கின்றார்கள். ஆல்பா, பீட்டா, காமா, டெல்ட்டா, எப்சிலன் என்று ஐந்து ஜாதி. யார் எந்த ஜாதி என்பது புட்டியிலேயே தீர்மானமாகி விடுகின்றது. கடைசி ஜாதிக்குப் பிராணவாயுவைக் குறைத்துக் கொடுத்து மூளை வளராதபடி செய்துவிடுகின்றார்கள். டெல்ட்டாக் குழந்தைகளின் எதிரில் படப் புஸ்தகங்களையும் ரோஜாப் பூக்களையும் பரப்பி, அவை ஆசையோடு தவழ்ந்து வந்து தொடும் சமயம் பார்த்துக் கொடூரமான சத்தத்தை எழுப்பி, தரையில் மின்சாரத்தையும் பாய்ச்சுகின்றார்கள். இப்படி 200 தடவை செய்துவிட்டால் ஆயுள் முழுவதும் அந்தப் பிள்ளை புஸ்தகத்தைக் கண்டால் அலறும். பிறகு தூக்கத்தில் பாடம். பீட்டாவாகப் பிறந்ததே பாக்கியம், மேல் ஜாதியானுக்கு வேலை அதிகம், கீழ் ஜாதியான் முட்டாள் என்று, 120 தடவை வீதம் வாரத்தில் மூன்று நாள், 30 மாதம் காதில் ஓதுகின்றார்கள். இவ்வளவுக்கும் மேல் மனதில் ஏதாவது குறை தோன்றினால் விழுங்குவதற்கு மாத்திரை.

அந்த மாத்திரையின் பெயர் சோமம். நம் நாட்டு வேதத்தில் வரும் சோமபானத்தின் பெயர்தான் அது என்பதை ஆசிரியரே 1958-இல் எழுதிய மற்றொரு புஸ்தகத்தில் சொல்லியிருக்கின்றார். பெயரோடு பொருத்தம் நிற்கவில்லை. மனுதர்மத்தின் முதல் அத்தியாயத்தில், சூத்திரனுக்கு ஆண்டவன் விதித்த ஒரே வேலை மற்ற மூன்று வருணத்தாருக்கும் பொறாமைப்படாமல் தொண்டு செய்வது என்றிருக்கின்றது. தொண்டு செய்தால் மட்டும் போதாதாம், பொறாமையும் கூடாதாம்! புட்டியும் மின்சாரமும் இல்லாத காலத்திலேயே இவ்வளவு தெரிந்திருந்தவர்களிடம் அந்த லண்டன் அதிகாரிகள் பாடம் கேட்கலாம்.

நிற்க, அந்த உலகத்தில் மதம் ஒழிந்துவிட்டது என்பதும் சரியல்ல. மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1908-இல் "டி" மாடல் காரை வெளியிட்டதிலிருந்து அவர்களுடைய சகாப்தம் ஆரம்பம். சத்தியம் செய்வது ஃபோர்டின் பேரில். சிலுவையின் தலையை வெட்டி "டி" எழுத்தாக்கி வயிற்றின் மேல் குறி போட்டுக்கொள்ளுகின்றார்கள். கூட்டுப் பஜனை உண்டு. பிரசாதமாகச் சோமமும் உண்டு. விஞ்ஞானமோ பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றது. உயிர்நூலில் புதிய கொள்கை ஒன்றை எழுதியவனுடைய கட்டுரையை, அது புத்திசாலித்தனமானது என்று தெரிந்தே, உலக அதிகாரி முஸ்தபா மாண்ட் வெளியிடக் கூடாதென்று உத்தரவு போடுகின்றார். பைபிளும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கின்றது. தான் படிக்கலாம், மற்றவன் படிக்கக் கூடாது. இது பகுத்தறிவு உலகமா, அல்லது ஒரு பெரிய மடமா என்று கேட்கின்றோம்.

இந்நாவலைப் படித்தவர்கள் எல்லோரும், மாண்டுக்கும், நியூ மெக்சிகோவில் வேலியடைத்து வைத்த ஊரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஜான் என்ற வாலிபனுக்கும் நடக்கும் விவாதத்தையே பெரிதாகப் பேசுவார்கள். சந்தோஷம் போதும் என்கின்றார் ஒருவர். துன்பப்படும் உரிமை வேண்டும் என்கின்றான் மற்றவன். நமக்கு இரண்டு கட்சியும் பிடிக்கவில்லை. ஜான் கேட்கும் உரிமையில் கடவுளும் நோயும் பட்டினியும் சேர்ந்திருக்கின்றன. முடிவில் தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொண்டு தூக்குப் போட்டுச் சாகின்றான்.

நாம் பார்க்க வேண்டியவன் வேறொருவன். நான்காவது அத்தியாயத்தில் ஒரு எப்சிலன் லிப்ட் ஓட்டுகின்றான். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. லிப்ட் மொட்டை மாடிக்கு வந்து கதவு திறந்ததும் பிற்பகல் வெயில் அவன் மேல் படுகின்றது. திடுக்கிட்டுக் கண் கூசி, மாடி, மாடி என்று பரவசமாகக் கூவுகின்றான். ஏறி வந்தவர்களுடைய முகத்தை நாய் எஜமானனைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றான். அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டு போய்விடுகின்றார்கள். மணி அடிக்கின்றது. கீழே போ என்று ஒரு குரல் உத்தரவிடுகின்றது. கதவைச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள் இறங்குகின்றான்.

இவ்வளவு புட்டியும் தூக்கப் பாடமும் ஆன பிறகும், வெயிலைக் கண்டதும் அவனுக்குள் ஏதோ ஒன்று எழுந்திருக்கின்றதல்லவா? அது என்ன என்று யார் கேட்டார்கள்? மாண்ட் ஒரு காலத்தில் விஞ்ஞானி. தீவுக்குப் போகிறாயா, அதிகாரத்துக்கு வருகிறாயா என்று அவரைக் கேட்டார்கள். ஜானும் தனக்கு வேண்டியதைத் தானே வாய்விட்டுச் சொல்லுகின்றான். லிப்ட்காரனை மட்டும் எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் சந்தோஷமாயிருக்கின்றான் என்று அவனுக்காக மற்றவர்கள் சொல்லுகின்றார்கள். பண்ணையாளைப் பற்றி மிராசுதாரர் சொல்லி வந்ததும், பெண்சாதியைப் பற்றிப் புருஷன் இன்றும் சொல்லுவதும் இந்தச் சாட்சிதான்.

கீழ்வேலைக்கு ஆள் வேண்டாமா என்பார்கள். மாண்டின் வாக்குமூலமோ வேறு. வேலையைக் குறைக்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஆபீசில் தூங்குகின்றன. உணவு முழுவதையும் தொழிற்சாலையிலேயே செய்துவிட முடியும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு ஜனங்களை நிலத்தில் வைத்திருப்பது அவர்களுடைய நன்மைக்காகத்தான் என்கின்றார். ஆகவே வேலைக்கு ஆள் வேண்டுமென்று அவர்களை அடிமையாக்கவில்லை. அடிமையாகவே இருக்கட்டுமென்று வேலையை வைத்திருக்கின்றார்கள்.

இதற்கு முன்பே ரஷ்யாவில் ஜமியாதின் என்பவர் 1920-21-இல் "நாங்கள்" என்றொரு நாவல் எழுதினார். அங்கே மனிதர்களுக்குப் பெயரில்லை, நம்பர்தான். மூளையிலிருந்து கற்பனையை எடுத்துவிட்டால் சந்தோஷம் பூர்த்தியாகும் என்று சர்க்காரே சிகிச்சை செய்கின்றது. அவரை ஜார் சர்க்காரும் சிறையில் வைத்தது. அதன்பின் வந்த சர்க்காரும் வைத்தது. தொழிலாளர் பேரால் ஆண்ட அந்நாட்டில் அப்புஸ்தகம் அச்சாக 1988 வரை ஆயிற்று. பொதுவுடைமையை விரும்பும் நம் தோழர்கள் இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

ஹக்ஸ்லியும் 1946-இல் எழுதிய முகவுரையில், ஜானுக்குப் பைத்தியக்கார நகரம், மூட கிராமம் என்று இரண்டே வழி வைத்தது பெருங்குறை என்றும், மறுபடி எழுதினால் மூன்றாவது வழி ஒன்று வைப்பதாகவும், அதில் விஞ்ஞானம் மனிதனுக்காக இருக்கும், ஜனங்கள் காரியங்களைக் கூட்டுறவாக நடத்திக்கொள்வார்கள் என்றும் சொல்லியிருக்கின்றார். மெத்தச் சரி. ஆனால் அதே மூச்சில், பிரம்மத்தை அறிவது அங்கே மதமாயிருக்கும் என்பதையும் சேர்த்துவிடுகின்றார். 1962-இல் "தீவு" என்ற நாவலில் அந்த நல்ல உலகத்தையும் எழுதிக் காட்டினார். அங்கும் ஒரு மருந்து உண்டு. மயக்குவதற்கல்ல, கண்ணைத் திறப்பதற்கு என்கின்றார். அதன் பெயர் மோட்சம்.